குற்றாலத்தில் ‘தனி அருவி’ என்று ஜீப்பில் ஏற்றினால் ஏறாதீர்கள்

குற்றாலத்துக்குக் கிளம்புகிறவர்கள், அதிலும் குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

போன சீசனில் ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா, மச்சினன். மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சை, அதாவது பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. போலீஸ் யாரையும் உள்ளே விடவில்லை. ஐந்தருவியிலும் தடை. ஊரெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டோடு நிற்கிற கூட்டம். புரோக்கர்களுக்கு இந்தத் தடை நேரம்தான் வியாபாரம். கார் நிறுத்துகிற இடத்துக்கே ஒருவர் வந்துவிட்டார்.

“அண்ணாச்சி, இன்னைக்கு மெயின்ல விட மாட்டாங்க. நம்ம தோட்டத்துல தனி அருவி இருக்கு. கூட்டமே கிடையாது, லேடீஸ் தாராளமா குளிக்கலாம். ஜீப்ல போய்க் கொஞ்சம் ட்ரெக்கிங், அவ்வளவுதான்.”

செல்போனில் படமும் காட்டினார். பாறைக்கு நடுவே பெரிய அருவி. ஆளுக்கு 400 ரூபாய் வீதம் ஆறு பேருக்கு 2,400 ரூபாயை அங்கேயே வாங்கிக்கொண்டார். ஜீப் வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்கான வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றக்கூடாது. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கிடைப்பதும் சிக்கல்தான்.

தோப்பு வழியாகப் போய் ஒரு கேட் முன்னால் ஜீப் நின்றது. அங்கே இன்னொருவர், ‘என்ட்ரி’ என்று ஆளுக்கு 100 ரூபாய் கேட்டார். கட்டினோம். அதன் பிறகு நடை. அந்த நடையில் ஒரு ஓடையைக் கடக்க வைத்தார்கள். முழங்கால் அளவு தண்ணீர், செம்மண் நிறம், இலையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தது. அம்மாவை மச்சினன் கையைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தான். சின்னவளை நான் தூக்கிக்கொண்டேன்.

பணம் போனதைவிட எனக்கு இன்னும் ஆறாதது இந்த ஓடைதான். மேலே மலையில் மழை பெய்வதால்தான் அருவியில் தடை போட்டிருக்கிறார்கள். அதே மலைத் தண்ணீரில் பிள்ளைகளை இறக்குகிறார்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை சில நிமிடங்களில் வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் அப்படித்தான் திடீர் வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, சருகும் குச்சியும் வர ஆரம்பித்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறிவிடுங்கள். யார் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

சரி, அந்த ‘தனி அருவி’ என்ன? சிமென்ட் பூசிய ஒரு சுவர். மேலே இருந்து குழாய் வழியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டிருந்தார்கள். கீழே பாசி பிடித்த தரை. பெரியவன் கால் வைத்த வேகத்தில் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டான். படத்தில் காட்டிய அருவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இயற்கை அருவிநீரைத் திருப்பி இப்படிச் செயற்கை அருவி அமைத்த விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022-லேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “அப்ப ஜீப் திரும்ப வராது, நடந்து போங்க” என்றார் டிரைவர். வயதான அம்மாவை வைத்துக்கொண்டு அந்தக் காட்டில் என்ன செய்வது? ஏறி உட்கார்ந்தோம்.

சிலர் செண்பகாதேவி அருவிக்கே கூட்டிப் போகிறேன் என்பார்கள். அங்கே பொதுமக்கள் போக வனத்துறையின் தடை இருக்கிறது. பொதுவாகவே, 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். நிஜமாகவே மலையேற ஆசை இருந்தால், 2024-ல் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போகலாம்.

திரும்பும்போது டிரைவர் எங்களைக் கேட்காமலேயே ஒரு பரோட்டாக் கடை முன்னால் நிறுத்தினார். இருட்டிவிட்டது, பிள்ளைகளுக்குப் பசி. அந்தப் பக்கம் ராத்திரியில் சாலையோரம் வரிசையாகப் பரோட்டாக் கடைகள்தான். கல்லில் தட்டுகிற சத்தமும் கோழி வறுவல் வாசனையும் தெருவெல்லாம் இருக்கும். நல்ல கடைகளும் நிறைய உண்டு. இந்தக் கடையில் விலைப்பலகை இல்லை. பரோட்டாவும் ஒரு நாட்டுக்கோழி வறுவலும் கேட்டோம். கேட்காமலேயே காடை, ஆம்லெட், இன்னொரு தட்டு கோழி எல்லாம் வந்தன. “டேஸ்ட் பாருங்கண்ணே” என்று வைத்துவிட்டுப் போனதற்கும் காசு. கோழி நாட்டுக்கோழி மாதிரியே இல்லை, பிராய்லர் கறிதான். துண்டுச் சீட்டில் 3,150 என்று எழுதிக் கொடுத்தார்கள்.

முறையான பில் கேட்டேன். 2022 ஜனவரியிலிருந்து உணவகப் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். அதைச் சொன்னதும் கல்லாவில் இருந்தவர் பேசாமல் 640 ரூபாயைக் குறைத்தார். பில் மட்டும் கடைசி வரை வரவில்லை. உட்காரும் முன்பே விலை கேளுங்கள், கேட்காமல் வைத்த தட்டை அப்போதே திருப்பி அனுப்புங்கள்.

அப்புறம் ஒன்று. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் மூன்றிலும் குளிக்கக் கட்டணம் கிடையாது. வெள்ளத் தடை பல சமயம் சில மணி நேரத்தில் நீங்கிவிடும். அன்றும் நாங்கள் சாப்பிட்டு வந்தபோது மெயின் அருவியில் விளக்கு வெளிச்சத்தில் ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். தடை என்றால் அறையில் காத்திருங்கள், கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள், மங்குஸ்தான் வாங்கிச் சாப்பிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915. உணவு பற்றிய புகாருக்குத் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. வண்டி எண், கேட்டில் நின்றவருக்குப் பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், துண்டுச் சீட்டின் படம் எல்லாவற்றையும் வைத்து நான் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் நீங்களும் கொடுங்கள்.