கிரேஸ் தரவோடு ஆறு வருடம்: ஒரு கிளிநொச்சி வகுப்பறையில் இருந்து

உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். 2019 முதல் ஒவ்வொரு வருடமும் நாசா தளத்தில் இருந்து, பூமியின் ஈர்ப்பை அளக்கும் கிரேஸ் செய்மதிகளின் இரண்டு கோப்புகளை இறக்கி வகுப்பில் பயன்படுத்துகிறேன். ஒன்று கிறீன்லாந்துப் பனிப்பாளத்தின் எடைக் கணக்கு, மற்றது அந்தாட்டிக்காவினது. இலவசக் கணக்கொன்று திறந்தால் போதும். மிகச் சிறிய கோப்புகள். ரீலோட் காசுக்கு யோசிக்கத் தேவையில்லை, போனிலேயே திறக்கும்.

உள்ளே மூன்றே நிரல்கள். முதலாவது திகதி. 2002.29 என்று தசமத்தில் இருக்கும். அது 2002 ஏப்ரல் என்று பிடிபட எனக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. இரண்டாவது, அந்த முதல் மாதத்தில் இருந்து எத்தனை கிகாதொன் (ஒரு கிகாதொன் நூறு கோடி தொன்) கூடியது, குறைந்தது என்ற கணக்கு. மூன்றாவது, அந்த எண் எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்பது. முதல் வருடம் மூன்றாவது நிரலைப் பிள்ளைகளுக்கு நான் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டும்.

அளக்கும் முறை அழகானது. இரண்டு செய்மதிகள் ஏறத்தாழ 220 கிலோமீற்றர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. கீழே எடை கூடிய இடம் வந்தால் முன்னால் போவதை அது முதலில் இழுக்கும், இடைவெளி விரியும். பின்னால் வருவது நெருங்கியதும் சுருங்கும். தலைமயிரின் தடிப்பை விடச் சிறிய அந்த மாற்றத்தில் இருந்துதான் பனியின் எடை வருகிறது. முதல் சோடி 2017 இல் ஓய்ந்தது. அடுத்தது 2018 மே 22 இல்தான் ஏவப்பட்டது. இடையில் தரவு இல்லை. நான் அந்த இடைவெளியையும் சேர்த்துக் கோடு இழுத்துவிட்டேன். ஒரு மாணவி கேட்டாள்: “சேர், இதில ஒரு வருசத்துக்குப் புள்ளியே இல்லை, கோடு மட்டும் எப்பிடி வந்தது?” இப்போது அந்த இடத்தை வெறுமையாக விட்டே கீறச் சொல்கிறேன்.

கிகாதொன் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. ஒரு கிகாதொன் தண்ணீரைத் தேக்க எங்கள் இரணைமடுக் குளம் போல ஏறக்குறைய ஏழு வேண்டும் என்றால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 2018 டிசம்பரில் வான்கதவு திறந்து வெள்ளம் வந்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். அடுத்த வருடமே, 2019 இல், கிறீன்லாந்து 500 கிகாதொன்னுக்கு மேல் இழந்தது. உலகக் கடல்மட்டம் ஒரு மில்லிமீற்றர் உயரச் சுமார் 360 கிகாதொன் போதும்.

அந்தாட்டிக்காக் கோப்பில் கவனம் வேண்டும். சிறுபோக நெற்செய்கைக் கூட்டத்துக்குப் போய்வந்த அப்பா ஒருநாள் சொன்னார்: “தம்பி, குளத்தில எத்தினை அடி நிக்குது எண்டு மட்டும் பார்த்தாக் காணாது. அடியில மண் எவ்வளவு ஏறியிருக்குது எண்டும் பார்க்க வேணும்.” அங்கேயும் அதுதான் சிக்கல். பழைய பனியுகச் சுமை குறைந்ததால் பனிக்கு அடியில் உள்ள பாறை இன்னும் மெல்ல மேலெழுகிறது. ஆழத்தில் மிக மெல்ல நகரும் பாறையும் அங்கே வந்து சேர்கிறது. செய்மதிக்கு அதுவும் எடைதான். அதைக் கழிக்காவிட்டால் பனி கூடியது போலத் தெரியும். கழிக்கும் கணக்கு கிறீன்லாந்தை விட அந்தாட்டிக்காவில் பெரியது, சந்தேகமும் அங்கேதான் அதிகம்.

இன்னொன்று, ஒரு வருடத்து எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு பேசக்கூடாது. 2022 இல் கிழக்கு அந்தாட்டிக்காவில் பெரும் பனி பொழிந்து கோடு மேலே ஏறியது. “அப்ப உருகேல்லையா சேர்?” என்று கேட்டார்கள். 2002 இல் இருந்து முழுக் கோட்டையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். சரிவு தெளிவாக இருந்தது. ஒரு நல்ல காலபோக மழையை வைத்துக் குளத்தின் வரலாற்றைச் சொல்வோமா?

குறை என்றால், மொத்தம்தான் தெரியும், இடம் தெரியாது. செய்மதியின் பார்வையே சுமார் 300 கிலோமீற்றர் அகலம். துவைற்ஸ் போன்ற ஒரு பனியாற்றைத் தனியே கேட்டால் இந்தக் கோப்பில் பதில் இல்லை. அதற்கு லேசரால் பனியின் உயரத்தை அளக்கும் ஐஸ்சாற் 2 என்ற செய்மதி வேண்டும். உயரம் அளந்தாலும் புதுப்பனியும் இறுகிய பனியும் ஒரே எடை இல்லை. ஈரநெல்லையும் காய்ந்த நெல்லையும் எடை பார்க்காமல் புசல் என்ற கொள்ளளவால் அளந்து விலை பேசுவது போல. ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அந்தக் கோப்புகளோ பெரியவை, போனில் திறக்கவில்லை. பாடசாலைக் கணினியில் முயன்றுகொண்டிருக்கிறேன். போனிலேயே திறந்தவர்கள் இருந்தால் வழி சொல்லுங்கள், அடுத்த தவணைக்குத் தேவைப்படுகிறது.