அன்கி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் நாளுக்கு ஐந்தே கார்டு

சென்னையில் ஜே.எல்.பி.டி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்குப் படிக்கிற யாருடைய போனை வாங்கிப் பார்த்தாலும் அன்கி இருக்கும். அதைத் தினமும் திறக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். சில வருடங்களாக நான் அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவன். எனக்கு மன உறுதி அதிகம் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. செயலியில் ஒரே ஒரு எண்ணைக் குறைத்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு: டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட கார்டு செயலி இது. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்துவிட்டு அகைன், ஹார்டு, குட், ஈஸி என்ற நான்கில் ஒன்றை நாமே அழுத்த வேண்டும். நினைவில் நிற்கிற சொல் சில நாள் கழித்து வரும், அப்புறம் சில வாரம், அப்புறம் சில மாதம். மறந்த சொல் உடனே திரும்பி வரும். மறந்துவிட்டு ஹார்டு அழுத்துகிற ஆட்கள் நிறைய. ஹார்டு என்றால் சிரமப்பட்டாலும் நினைவு வந்தது என்று அர்த்தம். மறந்தால் அகைன்தான்.

நிறுவியவுடன் ஒரு நாளைக்கு 20 புதிய கார்டு என்று வைத்திருப்பார்கள். முதல் வாரம் அது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். தேர்வுக்குப் பணம் கட்டிய சூட்டில் இருப்பவர் அதை 40 ஆக்குவார். ஆனால் ஒவ்வொரு புதிய கார்டும் பின்னாலேயே பல மறுபார்வைகளை இழுத்து வரும். 20 புதியது என்றால் மறுபார்வை வரம்பு குறைந்தது 200 இருக்கட்டும் என்று செயலியின் குறிப்பே சொல்கிறது. அந்த 200 வந்து நிற்கிற நாளில்தான் அலுவலகத்தில் வேலை நெருக்கும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வரும். இரண்டு நாள் விட்டால் போதும், கண்ணில் படுகிற எண்ணிக்கையே செயலியை மூட வைத்துவிடும். உற்சாகமான நாளில் வாங்கிய கடன் அது. அடைக்க வேண்டியதோ அலுத்துப்போன நாளில்.

என் எண் 5. அதை என் நல்ல நாளை வைத்து முடிவு செய்யவில்லை. இரவு பத்தரைக்கு வீடு திரும்பி, தலைவலியோடு சாப்பிட உட்காரும் நாளிலும் எவ்வளவு முடியும் என்று பார்த்து வைத்தது. மறுபார்வையையும் சேர்த்துப் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். விடுமுறை நாளில் கை அரிக்கும், கூட்டலாமே என்று. கூட்டுவதில்லை. "அண்ணா, அஞ்சு வார்த்தைல என்ன ஆகப்போகுது?" என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். வருடத்துக்கு 1,800க்கு மேல் ஆகும். அந்தத் தேர்வின் என்4 நிலைக்குத் தோராயமாகச் சொல்லப்படுவதே 1,500 சொற்கள்தான்.

அளவைப் போலவே நேரமும் முக்கியம். முதலில் தாம்பரம் - கடற்கரை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் திறப்பது என்று வைத்திருந்தேன். இணையம் இல்லாமலும் வேலை செய்யும் என்பதால் ரயிலுக்கு நல்ல பொருத்தம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எனக்கு ரயில் பயணம் கிடையாது, பொங்கல் விடுமுறையில் கிடையாது, வீட்டிலிருந்து வேலை என்றாலும் கிடையாது. ஆகவே காலைக் காபிக்கு மாற்றினேன். காபி இல்லாத நாள் என் வாழ்க்கையில் இல்லை.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், செயல் தானாக வருவதற்கு ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை வேறுபட்டது (12 வாரத்தைத் தாண்டிய எண்கள் கணித்துச் சொன்னவை). எனக்கு அதில் பிடித்தது வேறு: ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. அதனால்தான் தினப்படி கட்டங்களுக்கு வண்ணம் பூசிக் காட்டும் துணைநிரலை நீக்கிவிட்டேன். ஒரு கட்டம் காலியானால் மொத்தமும் போனது போல ஒரு எண்ணம் வந்துவிடுகிறது, தேவையில்லாமல்.

ஊரில் கல்யாணம், ஒரு வாரம் திறக்கவே இல்லை என்றால்? புதிய கார்டை 0 ஆக்கிவிட்டு, மறுபார்வைக்கு 60 என்று வரம்பு வைப்பேன். குவியல் மெதுவாகக் கரையும். கரைந்த பிறகு மறுபடி 5. இன்னொன்று, செயலியில் நாள் மாறுவது அதிகாலை 4 மணிக்கு. நள்ளிரவு தாண்டிச் செய்தாலும் அன்றைய கணக்குதான்.

குறை இல்லாமல் இல்லை. முகப்பு பழைய அரசு இணையதளம் மாதிரி இருக்கும். அமைப்புகள் பக்கம் ஆளை மிரட்டும். பேச்சு இதனால் வராது. சென்செய் (ஆசிரியர்) ஒரு கேள்வி கேட்டால், தெரிந்த சொல்லும் தொண்டையில் நிற்கும். எட்டு முறை மறந்த கார்டை அதுவே நிறுத்தி வைக்கும்படி அமைக்க முடிவது மட்டும் பெரிய ஆறுதல். அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனுக்கு ஒருமுறை பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிரவுசரில் அன்கிவெப் போதும். புதிய கார்டு எண்ணை மாற்றும் இடம் டெக் ஆப்ஷன்ஸில் (கார்டுத் தொகுப்பின் அமைப்புகளில்) முதலிலேயே இருக்கிறது.