கோவை–திப்ருகர்: ஒரு தூரக் கணிப்பானுடன் ஏழு குளிர்காலங்கள்

குன்னூரில் குடியிருந்துகொண்டு, கோவையில் தயாராகும் சி.டி.சி. தேயிலை இயந்திரங்களை (கொழுந்தை ரோலர்களுக்கிடையே நசுக்கி, கிழித்து, சுருட்டுபவை) வெளிமாநிலத் தொழிற்சாலைகளில் பொருத்திக் கொடுக்கும் வேலையில் இருப்பதால், ஏழு ஆண்டுகளாக ஒவ்வொரு டிசம்பரிலும் மேல் அசாமுக்குப் போய்வருகிறேன். குளிர்காலத்தில் அங்கே கொழுந்து வராது. தொழிற்சாலைகள் ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் பழைய ரோலர்களைக் கழற்றிப் புதியவற்றை மாட்ட முடியும். இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் ஓர் இணையதளத்தை முதல் பயணத்திலிருந்தே பயன்படுத்திவருகிறேன்.

தூரக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து, மேல் அசாமில் உள்ள திப்ருகரின் மோகன்பாரி விமான நிலையத்துக்குச் சுமார் 2,620 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 1,415 கடல் மைல். அட்சரேகை, தீர்க்கரேகைகளை வைத்து நானே ஒருமுறை கணக்குப் போட்டேன், ஒத்துப்போயிற்று.

நேரம்தான் ஏமாற்றுகிறது. தூரத்தை ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேர்த்து, மூன்றரை மணி நேரம் என்று தளம் காட்டுகிறது. அப்படி நேராகப் பறக்கும் விமானத்தில் நான் ஒருநாளும் ஏறியதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ ஒருமுறை, கொல்கத்தாவில் மறுமுறை என மாறித்தான் போக வேண்டியிருந்தது. கொல்கத்தாவில் காலைப் பனிமூட்டம் விலகத் தாமதமானால் அடுத்த விமானம் கைநழுவிவிடும். அப்படி ஓர் இரவை அங்கே இரும்பு நாற்காலியில், கருவிப் பையைத் தலைக்கு வைத்துக் கழித்திருக்கிறேன்.

ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தூரமே. குன்னூரிலிருந்து கோவை விமான நிலையம் நேர்க்கோட்டில் 44 கிலோமீட்டர்தான். மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கினால் ஏறத்தாழ 70. மூன்றாம் ஆண்டு பர்லியாறுக்கு மேலே மண் சரிந்து, லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. "சார், திரும்பிக் கோத்தகிரி வழியாப் போயிரலாமா?" என்று ஓட்டுநர் கேட்டபோதே மணி நான்கு, ஆறு மணி விமானம் போயே போய்விட்டது. அதிலிருந்து முந்தின நாள் மாலையே இறங்கி, பீளமேட்டில் தங்கிவிடுகிறேன்.

தளத்தில் "நேர வித்தியாசம் இல்லை" என்றொரு வரியும் உண்டு. கடிகாரப்படி அது சரி. ஆனால் குன்னூருக்கும் திப்ருகருக்கும் இடையே 18 பாகைக்கு மேல் தீர்க்கரேகை வித்தியாசம் இருப்பதால், பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், திப்ருகரில் சூரியன் உச்சிக்கு வருவது குன்னூரை விட 70 நிமிடங்களுக்கும் மேல் முன்னதாக. அதனால்தான் அசாம் தோட்டங்களில் "பாகான் டைம்" (தோட்ட நேரம்) என்று ஒரு மணி நேரம் முன்னோக்கிய கடிகாரம் வழக்கத்தில் இருக்கிறது. இது தெரியாமல், எட்டு மணிக்கு வரச் சொன்ன இடத்துக்கு முதலாண்டு சரியாக எட்டுக்குப் போய் நின்றேன். தொழிற்சாலைச் சுவரில் ஒன்பது. ஃபிட்டர்கள் ஒரு ரோலரையே கழற்றி முடித்திருந்தார்கள்.

திரும்பும்போது ஒருமுறை திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ரயிலில் வந்தேன். மூன்று இரவுகள் ஆயின. ஆனால் எங்கும் வண்டி மாறாமல் கோவையிலேயே இறங்கினேன்.

இன்றும் அந்தத் தளத்தைத் திறக்கிறேன், அலுவலகப் பயணப் படிவத்தில் "தூரம்" என்ற கட்டத்தை நிரப்புவதற்கு மட்டும். "நேரம்" என்ற கட்டத்தில் 22 மணி நேரம் என்று என் கையாலேயே எழுதுகிறேன். கணக்குப் பிரிவில் இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை.