திருட்டு மென்பொருளோடு வந்த தீம்பொருளும் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பும்

தீம்பொருள் (மால்வேர் எனப்படும், கேடு செய்யும் நிரல்) தொற்றிய கணினியைத் துப்புரவு செய்வதில் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நம்பத்தகுந்த கருவி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும், அகற்றும் வேலை முடிந்தது என்ற அறிவிப்பைத் திரையில் கண்டதும் நிம்மதியடைந்து பழையபடி வேலையைத் தொடரும் ஒருவருக்கு, செய்யவேண்டியதில் பாதிதான் முடிந்திருக்கும். மறு பாதியை எந்த ஸ்கேனரும் செய்து தராது. அட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற மலையக நகரங்களில் தட்டச்சுக் கடையும் போட்டோகொப்பிக் கடையும் நடத்துபவர்களையும், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கடன்பட்டேனும் மடிக்கணினி வாங்கிக் கொடுத்த பெற்றோரையும் மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

நான் இதைப் பயன்படுத்திப் பார்த்தது அட்டனில் என் உறவினர் ஒருவர் நடத்தும் கொமியூனிகேஷன் கடையின் கணினியில். அடையாள அட்டைக்கான படம், வெளிநாட்டு வேலைக்கான விண்ணப்பம், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் என்று அந்த ஒரு கணினியில் நாள் முழுவதும் வேலை நடக்கும். படங்களைத் திருத்தும் விலை கூடிய மென்பொருளொன்றின் முழுப் பதிப்பை இலவசமாகத் தருவதாகக் கூறிய இணையப் பக்கத்திலிருந்து, கடையில் வேலை செய்யும் பையன் ஒரு சிப் (zip) சுருக்கக் கோப்பைத் தரவிறக்கியிருந்தான். அந்தக் கோப்பு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. கடவுச்சொல்லைத் தரும் குறிப்பிலேயே, நிறுவும் முன் அன்டிவைரஸை நிறுத்திவிடுமாறும் எழுதப்பட்டிருந்தது.

இந்த இரண்டு அடையாளங்களையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பதால் சற்று விளக்குகிறேன். பூட்டிய கோப்பின் உள்ளடக்கத்தை உலாவியாலோ மின்னஞ்சல் சேவையாலோ அன்டிவைரஸாலோ திறந்து சோதிக்க முடியாது. ஆகவே அது எந்தத் தடையுமின்றி நம் கணினிக்குள் வந்து சேருகிறது. உள்ளே இருக்கும் நிரலையும், பொருளற்ற வெற்றுத் தரவுகளால் பல நூறு எம்பி அளவுக்குப் பருக்க வைத்திருப்பார்கள், ஏனெனில் மிகப் பெரிய கோப்புகளைச் சோதிக்காமல் விட்டுவிடும் வரம்பு பல சோதனைக் கருவிகளில் உண்டு. அதன் பின்னர் பாதுகாப்பை நிறுத்தும் வேலையைப் பயனரைக் கொண்டே செய்விக்கிறார்கள். பையனைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மென்பொருளுக்கு மாதந்தோறும் கேட்கப்படும் கட்டணம் இப்படிப்பட்ட கடைகளின் வருமானத்துக்கு எட்டாதது, அந்த இல்லாமையை அறிந்தே தூண்டில் போடப்பட்டிருக்கிறது.

அடுத்த சில நாட்களில் உலாவியின் முகப்புப் பக்கம் தானாக மாறியது, கேட்காமலே விளம்பரப் பக்கங்கள் திறந்தன, கடையின் முகநூல் பக்கத்தில் யாரோ அந்நியர் பதிவிட்டிருந்தார். விண்டோஸுடன் வரும் அன்டிவைரஸான டிஃபெண்டரோ ஒரு குறையும் இல்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. காரணத்தைத் தேடியபோது, டிஃபெண்டர் சோதிக்கத் தேவையில்லை என்று ஒதுக்கப்படும் இடங்களின் பட்டியலில் சி டிரைவ் முழுவதும் சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டேன். நிர்வாகி அனுமதி கிடைத்துவிட்டால், விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் ஒரே ஒரு கட்டளையால் தீம்பொருள் இதைச் செய்துவிடும். பாதுகாப்பு இயங்குவதாகப் பச்சைக் குறி காட்டும், ஆனால் பார்க்கவேண்டிய இடத்தை அது பார்க்காது. இத்தகைய நிலையில் இரண்டாவது கருவி ஒன்றின் கருத்து அவசியமாகிறது. மால்வேர்பைட்ஸின் இடம் அதுவே.

இளமையில் தன் வீட்டுக் கணினியில் தொற்றிய தீம்பொருளைத் தன்னார்வலர்களின் உதவியோடு அகற்றிய அனுபவத்திலிருந்து இந்தத் துறைக்கு வந்த மார்சின் க்ளெசின்ஸ்கி என்பவர் 2008இல் நிறுவிய நிறுவனம் இது. வருமுன் தடுப்பதைக் காட்டிலும் வந்ததை அகற்றுவதில்தான் இந்த மென்பொருள் முதலில் பெயர் பெற்றது, அந்தத் திறமை இன்றும் குறையவில்லை. நிறுவுவது எளிது என்றாலும் இரண்டு விடயங்களில் கவனம் வேண்டும். முதலாவது, நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்திலிருந்து மட்டுமே தரவிறக்க வேண்டும். தேடுபொறியில் மேலே தெரியும் விளம்பரங்களை அழுத்திப் போலித் தளங்களுக்குச் சென்று, மருந்தின் பெயரில் இன்னொரு நஞ்சை வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது, சில தீம்பொருட்கள் இணையத்தளப் பெயர்கள் எந்த முகவரிக்குச் செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் விண்டோஸின் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்திப் பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்கள் திறக்காதபடி செய்துவிடும். அப்படியானால் வேறொரு நல்ல கணினியில் தரவிறக்கி பென் டிரைவில் கொண்டுவர வேண்டியிருக்கும், அந்தப் பென் டிரைவையும் பின்னர் சோதிக்காமல் வேறெங்கும் செருகக் கூடாது.

டேட்டாவைக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி: முதலில் கிடைக்கும் நிறுவல் கோப்பு சிறியதுதான், ஆனால் அதை இயக்கியதும் மிகுதியான பகுதிகளை அது இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். ஆகவே கோப்பு சிறியதாக இருக்கிறதே என்று நம்பி, மழைக்காலத்தில் சிக்னல் வந்துபோகும் தோட்டப் பகுதியில் உட்கார்ந்து நிறுவத் தொடங்கினால் பொறுமை சோதிக்கப்படும். நகரத்திலேயே, நல்ல இணைப்புள்ள இடத்தில் நிறுவி முடிப்பது நல்லது.

சோதனையின் தரத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. வழமையான சோதனை நினைவகம், தொடக்கத்தில் இயங்கும் நிரல்கள், விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரி, தீம்பொருள் வழக்கமாக ஒளிந்துகொள்ளும் கோப்புறைகள் ஆகியவற்றைப் பார்க்கிறது. இயங்குதளத்தின் ஆழத்தில் தம்மை மறைத்துக்கொள்ளும் தீம்பொருட்களான ரூட்கிட்களைத் தேடும் வசதி இயல்பில் நிறுத்தப்பட்டிருக்கும். திருட்டு மென்பொருளால் தொற்றிய கணினியில், நேரம் கூடுதலாக எடுத்தாலும் அமைப்புகளுக்குச் சென்று அதையும் இயக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கடைக் கணினியில் அது நல்ல நிரல்போல் வேடமிட்டு வந்து கடவுச்சொல் திருடும் ட்ரோஜன் ஒன்றையும், உலாவியில் ஒட்டிக்கொண்டிருந்த நீட்சிகளையும் (எக்ஸ்டென்ஷன்), கணினி தொடங்கும்போதெல்லாம் தீம்பொருளை மறுபடி எழுப்புவதற்காக, குறித்த வேளையில் நிரல்களை இயக்கும் டாஸ்க் ஷெடியூலரில் வைக்கப்பட்டிருந்த பணி ஒன்றையும் பிடித்தது. அகப்பட்டவற்றை அது உடனே அழித்துவிடாமல் தனிமைப்படுத்தி வைப்பதால், தவறாகப் பிடிபட்ட கோப்பு ஏதேனும் இருந்தால் மீட்டுக்கொள்ளலாம். அந்த ஷெடியூலர் பணியைத் தேடிப் பிடித்ததற்காகவே இதற்கு நல்ல மதிப்பெண் தருவேன். அதை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் அகற்றியிருந்தால் மறுநாள் காலையில் எல்லாம் திரும்பி வந்திருக்கும். டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் இருந்த சி டிரைவ் மட்டும் அப்படியே இருந்தது, அதை நானே நீக்கினேன். துப்புரவு முடிந்ததும் விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் சென்று அந்தப் பட்டியலைப் பார்க்கும் பழக்கம் அனைவருக்கும் வேண்டும்.

விலை விடயத்தில் தெளிவு தேவை. நிறுவியதும் 14 நாட்களுக்குக் கட்டணப் பதிப்பு சோதனையாகக் கிடைக்கும். அந்தக் காலம் முடிந்ததும் உடனுக்குடன் தடுக்கும் பாதுகாப்பு நின்றுவிடும், நாமாக இயக்கும் சோதனையும் அகற்றலும் மட்டும் தொடரும். வாங்கச் சொல்லும் அறிவிப்புகளைக் கண்டு, பணம் கட்டாவிட்டால் கணினி பாழாகிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. அன்றாடக் காவலுக்கு டிஃபெண்டர் போதுமானது, சந்தேகம் வரும்போது மால்வேர்பைட்ஸை இயக்கிப் பார்க்கலாம். சோதனைக் காலத்தில் இரண்டும் சேர்ந்து இயங்க வேண்டுமானால், விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் தன்னைப் பதிவு செய்துகொள்ளும் தெரிவை மால்வேர்பைட்ஸின் அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

ஒப்பிட்டுப் பார்க்க டிஃபெண்டரின் ஓஃப்லைன் ஸ்கேனையும் இயக்கினேன். அதிகம் பேர் அறியாத இந்த வசதி உண்மையிலேயே அருமையானது. விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, தீம்பொருளுக்கு உயிர் வராத நிலையில், தனியான சூழலில் கணினியைச் சோதிக்கிறது; ஏறக்குறைய 15 நிமிடங்களில் முடிந்துவிடும், தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. மலையகத்தில் காற்றும் மழையும் கூடினால் கரண்ட் போவது வழக்கம் என்பதால், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் வானிலை பார்த்து இதைத் தொடங்குவது நல்லது. உலாவியில் ஒட்டிக்கொள்ளும் விளம்பரத் தொல்லைகளுக்கு மட்டும் தீர்வு வேண்டுவோர், மால்வேர்பைட்ஸ் நிறுவனம் 2016இல் தன்வசமாக்கிய அட்வ்கிளீனரைப் பயன்படுத்தலாம். சில எம்பி அளவுள்ள அந்த ஒற்றைக் கோப்பை நிறுவாமலே இயக்க முடியும். மைக்ரோசொஃப்ட்டின் சேஃப்டி ஸ்கேனரும் நல்லதுதான், ஆனால் தரவிறக்கிய 10 நாட்களில் அது காலாவதியாகிவிடுவதால் ஒவ்வொரு தடவையும் 100 எம்பிக்கு மேல் செலவாகும்.

இனி அந்த மறு பாதிக்கு வருகிறேன். ரெட்லைன், லும்மா போன்ற தகவல் திருடிகள் கணினியில் நீண்ட காலம் தங்க வேண்டிய தேவையே இல்லை. உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும், நாம் ஒரு தளத்தில் ஏற்கனவே உள்நுழைந்திருப்பதைக் காட்டும் சிறு தரவுகளான குக்கிகளையும் சில நிமிடங்களில் திரட்டி அனுப்பிவிடும், அதன் பிறகு கோப்பை அழித்தாலும் போனது போனதுதான். குக்கி கையில் இருந்தால், கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணைக்கூடக் கேட்காமல் நம் கணக்கினுள் நுழைய முடியும். கடையின் முகநூல் பக்கம் கைமாறியது அப்படித்தான் என்று நான் நம்புகிறேன். எனவே, தொற்று இல்லாத வேறொரு சாதனத்திலிருந்து முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், பிறகு வங்கி, முகநூல் ஆகியவற்றின் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் தெரிவை அழுத்த வேண்டும், வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலையும் பார்க்க வேண்டும். மால்வேர்பைட்ஸ் தன் சோதனை முடிவில் இதையெல்லாம் எடுத்த எடுப்பில், பாமரருக்கும் விளங்கும்படி சொல்லியிருந்தால் இந்தக் கருவியை இன்னும் உயர்வாக மதித்திருப்பேன்.

எனக்கு மிகுந்த கவலை தந்தது வேறொன்று. தோட்டங்களிலிருந்து வந்த மக்கள் ஸ்கேன் செய்யக் கொடுத்த அடையாள அட்டைகளும் கடவுச்சீட்டுகளும் வங்கிப் புத்தகங்களும் அந்தக் கணினியின் டெஸ்க்டொப்பில் குவிந்து கிடந்தன. தகவல் திருடிகளில் பல, டெஸ்க்டொப்பிலும் ஆவணக் கோப்புறைகளிலும் உள்ள கோப்புகளையும் அள்ளிச் செல்லக்கூடியவை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, நம்பிக் கொடுத்த மனிதர்களின் ஆவணங்கள் அவை. வேலை முடிந்தவுடன் அவற்றை அழித்துவிடுவது கடைக்காரரின் கடமை. ஆட்களின் தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டில் உண்டு என்றாலும், சட்டம் கேட்பதற்கு முன்பே செய்யவேண்டிய காரியம் இது.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்திருந்தால் மால்வேர்பைட்ஸ் அதனை அகற்றும், ஆனால் பூட்டிய கோப்புகளைத் திறந்து தராது. திருட்டு மென்பொருட்களோடு பரவுவதில் பேர்போன ஸ்டொப் வகைக்கு எம்சிசொஃப்ட் நிறுவனம் 2019 ஒக்டோபரில் இலவசத் திறப்புக் கருவி வெளியிட்டது, எனினும் பிந்தைய வகைகளில் பலவற்றுக்கு அது பயன்படுவதில்லை. தனியாக எடுத்து வைத்த பிரதி ஒன்றே அங்கே கைகொடுக்கும். பென் டிரைவில் கோப்புறைகள் மறைந்து அவற்றின் இடத்தில் ஷோர்ட்கட்கள் தோன்றும் பழைய தொல்லையிலும் இப்படியே. வலது சொடுக்கில் பென் டிரைவைச் சோதித்து வைரஸை அகற்றலாம்; மறைந்த கோப்புறைகளை வெளிக்கொணர, கோப்புகளின் மறைப்புக் குறியை நீக்கும் ஆட்ரிப் (attrib) கட்டளையை நாமே கொடுக்க வேண்டும். கோப்புகள் தொலைந்துவிட்டன என்று எண்ணி பென் டிரைவை போர்மட் செய்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது, அவை உள்ளேயேதான் இருக்கின்றன.

கடை உரிமையாளர் என்னிடம் முதலில் கேட்டது, "பேசாம போர்மட் பண்ணிருவோமா, அண்ணே?" என்பதுதான். கடவுச்சொல் திருடி அகப்பட்ட கணினியில், அதிலும் வங்கிக் கணக்கு திறக்கப்படும் கணினியில், விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே முழுப் பாதுகாப்பு என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் எங்கே, எதைக் கொண்டு நிறுவுகிறோம் என்பது முக்கியம். திருத்தும் இடங்கள் சிலவற்றில், உரிமம் இல்லாத விண்டோஸைப் போட்டு, அதை இயங்க வைக்க ஓர் அக்டிவேட்டரையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அக்டிவேட்டர் என்ற பெயரில் வந்த போலிகளே கடவுச்சொல் திருடிகளைப் பரப்பிய வரலாறு உண்டு. மைக்ரோசொஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் 8 ஜிபி பென் டிரைவும் இருந்தால், கணினி வாங்கும்போதே விண்டோஸ் உரிமத்தோடு வந்திருக்கும் பட்சத்தில், நாமே சுத்தமாக நிறுவிக்கொள்ளலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டதால், கணினி அதற்குத் தகுதியானதாக இருந்தால் விண்டோஸ் 11ஐ நிறுவுவதே சரி.

அந்தக் கடையில் முதலில் மால்வேர்பைட்ஸாலும் ஓஃப்லைன் ஸ்கேனாலும் துப்புரவு செய்து, தேவையான கோப்புகளைச் சோதித்து வெளியே எடுத்த பின்னரே புதிதாக நிறுவினோம். அடையாள அட்டைப் படங்களை இப்போது கிம்ப் மென்பொருளில் திருத்துகிறார்கள், கடிதங்களும் விண்ணப்பங்களும் லிப்ரே ஒஃபிஸில் தயாராகின்றன. இரண்டும் இலவசமானவை, கடை வேலைக்குத் தாராளமாகப் போதுமானவை. படத்தின் பின்னணியை வெட்டி எடுக்கக் கையைப் பழக்கிக்கொள்ளப் பையனுக்குச் சில வாரங்கள் பிடித்தன.