ரூ.46,500 போச்சு: மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

46,500 ரூபாய். விறகு அறுக்கிற செயின் ஷா மிஷின் ஒன்றுக்கு நான் எண்ணிக் கொடுத்த பணம். இன்று மதியம் மெக்கானிக் அந்த மிஷினைப் பிரித்துச் சாக்கின் மேல் பரப்பி வைத்தார். வயிறு எரிகிறது. பிரபல ஜெர்மன் கம்பெனியின் தொழில்முறை மிஷின், 70 சிசி என்று சொல்லி விற்றதன் உள்ளே இருப்பது எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைக்கிற மலிவு மிஷின். மேல்மூடியும் ஸ்டிக்கரும் மட்டும் அசல் மாதிரி. இன்னொருத்தர் இதே குழியில் விழக் கூடாது என்றுதான் இப்போதே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம், கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி வட்டாரத்தில் சீமைக்கருவை பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கருவையை அகற்றச் சொன்னபோது ஜேசிபி வைத்துத் தூரோடு பிடுங்கினார்கள். விறகுக்கும் கரி மூட்டத்துக்கும் வெட்டுகிறவர்கள் அப்படிப் பிடுங்குவதில்லை. தரையை ஒட்டி அறுத்துவிட்டுத் தூரை விட்டுவைத்தால் மறுபடி தழைக்கும், சில வருஷத்தில் அடுத்த வெட்டுக்கு வரும். நானும் என் மச்சினனும் பட்டா நிலங்களில் பேசி எடுத்து அறுத்து, தடித்த கட்டையைச் செங்கல் சூளைக்கும் டீக்கடைகளுக்கும், மிச்சத்தை மூட்டம் போடுகிறவர்களுக்கும் தள்ளுகிறோம்.

கருவை லேசான மரம் இல்லை. முறுக்கிக்கொண்டு வளரும், வைரம் ஏறிய அடிக்கட்டை கல்லு மாதிரி இருக்கும். பட்டைக்குள் புழுதியும் மணலும் ஏறியிருப்பதால் நல்ல செயினே சீக்கிரம் மழுங்கிவிடும். எங்களிடம் இருந்த பழைய 50 சிசி மிஷின் கருவைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் இந்த வருஷம் பட்டுப்போன புளிய மரங்களும் ஒன்றிரண்டு வேம்பும் பேசி வைத்திருந்தோம். அதற்கு 20 அங்குலப் பாரை (செயின் ஓடுகிற நீளப் பட்டையை) இழுக்கிற தெம்புள்ள, நாள் முழுக்க ஓடுகிற மிஷின் வேண்டும். அதனால்தான் தொழில்முறை மிஷின் தேடினோம்.

வீட்டு உபயோக மிஷினுக்கும் தொழில்முறை மிஷினுக்கும் வித்தியாசம் சிசியில் மட்டும் இல்லை. தொழில்முறை மிஷினில் கிராங்க் கேஸ், அதாவது இஞ்சினின் அடிக்கூடு, மெக்னீசிய வார்ப்பு. சிலிண்டர் தனியாகக் கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும், உள்சுவரில் நிக்கல் கலந்த கெட்டியான பூச்சு இருக்கும். சூடு தாங்கும். மணிக்கணக்கில் அறுக்கலாம். பணம் கூடக் கொடுப்பது அதற்காகத்தான். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் போனேன்.

அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் விசாரித்தபோது 52,000 சொன்னார்கள், சரக்கு வரக் கொஞ்சம் நாளாகும் என்றார்கள். மதுரையில் பம்ப்செட், களை வெட்டும் மிஷின், மருந்தடிக்கும் மிஷின் எல்லாம் விற்கிற ஒரு பெரிய கருவிக் கடை. போனில் அவர்கள் போடுகிற வீடியோக்களை மச்சினன் பார்த்திருந்தான். அங்கே கையிருப்பு இருந்தது. விலை 48,000, பேசி 46,500-க்கு முடித்தோம்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். கடைக்காரன் பாதி விலை சொல்லவில்லை. பாதி விலை சொல்லியிருந்தால் அப்போதே எழுந்து வந்திருப்போம். அசல் விலைக்கு ஐந்தாறாயிரம் மட்டும் கீழே நிறுத்தினான். "டீலர் மார்ஜின் இல்லாம நேரா லாட்டா எடுக்கிறோம்ணே, அதான் இந்த ரேட்டு" என்றான். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? எந்த மொத்தக் கடையிலும் சொல்கிற பேச்சுதானே.

அப்புறம் நடந்ததுதான் நம்ப வைத்தது. டேப் ஒட்டிய பெட்டியை எங்கள் கண் முன்னால் பிரித்தான். பளபளவென்று ஹோலோகிராம் ஸ்டிக்கர். பெட்ரோல், டூ டி ஆயில் எல்லாம் அவனே அளந்து கலந்து ஊற்றினான். கடை வாசலில் ஒரு கட்டையைப் போட்டு ரெண்டே இழுப்பில் ஸ்டார்ட் பண்ணி அறுத்துக் காட்டினான். வெண்ணெயாக இறங்கியது. அது ஈரம் காயாத முருங்கைக் கட்டை. அதன் மேல் துணி தைக்கிற ஊசி வைத்தால்கூட இறங்கும்! "எக்ஸ்ட்ரா செயின் ஒண்ணு என் கணக்குல வச்சுக்கங்கண்ணே" என்று கையில் திணித்தான். டீ வரவழைத்தான். பெட்டியின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் அவன் நம்பரை எழுதி, "எதுன்னாலும் எனக்கே நேரா அடிங்க, கடை நம்பருக்கெல்லாம் அலைய வேண்டாம்" என்றான். அந்த நம்பர் இப்போதும் பெட்டியில் இருக்கிறது. அடித்தால் எடுப்பதில்லை.

பில் கேட்டேன். கேட்காமல் விடவில்லை. கையால் எழுதிய சீட்டு ஒன்று கொடுத்து, "கம்ப்யூட்டர் பில் சாயந்தரம் வாட்ஸ்அப்ல வந்துடும்" என்றான். சீட்டில் இருப்பது "மிஷின் 1" என்ற வார்த்தையும் 46,500 என்ற எண்ணும்தான். மாடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. வாட்ஸ்அப்பில் எதுவும் வரவே இல்லை.

கருவையில் ஓடிய முதல் வாரத்திலேயே சத்தம் மாறிவிட்டது. தடித்த கட்டையில் பாதிக்குப் போனதும் மூச்சுத் திணறி அணைந்துவிடும். சூடானால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் ஆறப்போட வேண்டும். பார் வளைந்து அறுப்பு ஒரு பக்கமாக ஓடியது. செயினை அரம் போட்டால் பல் அரத்துக்கு வழவழவென்று கொடுத்தது. நல்ல செயின் அப்படிக் கொடுக்காது, கிறுக் கிறுக்கென்று பிடித்துக்கொண்டு தேயும். கடைசியில் ஒரு காலையில் கயிறு இழுபடவே இல்லை. பிஸ்டன் ஜாம்.

போன் அடித்தேன். முதலில் மரியாதைக்குக் குறைவில்லை. "ஆயில் கம்மியாப் போட்டிருப்பீங்கண்ணே." லிட்டருக்கு 40 மில்லி, அவன் சொன்ன அளவுதான் போட்டோம், கலந்து வைத்த பாட்டில் அப்படியே இருக்கிறது என்றேன். உடனே பேச்சு மாறியது. "கருவையா அறுத்தீங்க? அது வைரம் பாஞ்ச மரமாச்சே, அதுக்கு இந்த மிஷின் தாங்காதுண்ணே." வாங்கும்போது நாங்கள் சொன்ன முதல் வார்த்தையே கருவை, புளி என்பதுதான். "இதவிடப் பெரிய மரத்தையே அறுக்கும்" என்று அடித்துச் சொன்னதும் இதே வாய்தான்.

மிஷினைத் தூக்கிக்கொண்டு நேரில் போனேன். ஆள் இல்லை. கவுண்டரில் இருந்த பையன், "ஓனர் கோயம்புத்தூர் போயிருக்காரு சார், வச்சிட்டுப் போங்க, கம்பெனிக்கு அனுப்புறோம்" என்றான். வைத்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் கேட்கும்போதெல்லாம் ஒரு பதில். கொரியர்ல இருக்கு. கம்பெனி ஆடிட்டு. ஸ்பேர் வரணும். கடைசியில் ஒரு நாள் அவனே கூப்பிட்டு, சிலிண்டர் செட் மாற்ற 6,800 ஆகும், வாரண்டியில் வராது என்றான். 46,500 கொடுத்து வாங்கிய மிஷினுக்கு இன்னும் ஒரு லோடு விறகுகூட முழுசாக இறக்கவில்லை, அதற்குள் 6,800! முடியாது, மிஷினைத் திருப்பிக் கொடு என்று போய் நின்றேன். எந்தக் கம்பெனிக்கும் அது போகவே இல்லை. கடைக்குப் பின்னால், மருந்தடிக்கும் மிஷின் டப்பாக்களுக்கு அடியில் கிடந்தது. நான் வைத்தபோது செயினில் ஒட்டியிருந்த மரத்தூள்கூட அப்படியே இருந்தது.

பணத்தைக் கேட்டேன். அப்போது அந்த ஆள் சொன்ன வார்த்தை: "எங்க கடையில வாங்கினதுக்கு என்ன ஆதாரம்? சீட்டுல மிஷின்னுதானே போட்டிருக்கு, என்ன மிஷின்னு இருக்கா?" டீ வாங்கிக் கொடுத்து அண்ணே அண்ணே என்ற அதே ஆள், நாலு வாடிக்கையாளர் முன்னால் இதைக் கேட்டான்.

இன்று எங்கள் ஊர்ப் பக்கத்தில் பல வருஷமாக இந்த மிஷின்களைப் பார்க்கிற மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே சீரியல் நம்பர் இருந்த ஸ்டிக்கரை நகத்தால் நெம்பினார். தோலாட்டம் உரிந்து வந்தது. "அசல்னா நம்பர் கேஸ்லயே அடிச்சிருக்கும் தம்பி, ஸ்டிக்கர்ல இருக்காது" என்றார். கிராங்க் கேஸைச் சுரண்டிக் காட்டினார், அசல் வார்ப்பின் தரம் இல்லை. சிலிண்டரைக் கழற்றினார். புகை போகிற ஓட்டையின் ஓரத்தில் பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தது. அந்தச் செதில்தான் பிஸ்டனைக் கீறிப் பிடித்திருக்கிறது. ஆயில் குறைவு இல்லை, கருவை மரம் காரணம் இல்லை.

பிறகு வெர்னியர் காலிப்பரை எடுத்து சிலிண்டரின் உள்விட்டத்தை அளந்தார். 45 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம், 36. "70 சிசி வரணும்னா இந்த ஸ்ட்ரோக்குக்கு விட்டம் 50 மில்லிமீட்டர் இருக்கணும், இது 58 சிசிதான் தம்பி" என்றார். போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 58-க்குக் கொஞ்சம் கீழேதான் வருகிறது. மேலே எழுதியிருப்பது 70.

பணம் போனதுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். அடுத்து அவர் காட்டியதில்தான் எனக்கு உடம்பு நடுங்கியது. செயின் பிரேக். முன்னால் கைக்கு மேலே நிற்கிற தடுப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். பாரின் மூக்கு மேல்பகுதி எதிலாவது பட்டால் மிஷின் முகத்தை நோக்கித் துள்ளும், கண் இமைக்கிற நேரம்கூடக் கிடைக்காது. நம் மணிக்கட்டு தடுப்பில் பட்டாலும் சரி, துள்ளுகிற வேகத்தில் தடுப்பு தானாகச் சாய்ந்தாலும் சரி, செயினை நிறுத்த வேண்டியது அந்த பிரேக்தான். இந்த மிஷினில் தடுப்பு இருந்தது, டக்கென்று சத்தமும் வந்தது. உள்ளே பிரேக் பட்டை, செயினைச் சுற்றுகிற டிரம்மை இறுக்கவே இல்லை. வெறுமனே சுற்றி உட்கார்ந்திருந்தது. கருவையில் ஒரே தூரில் நாலைந்து கிளை பின்னிக் கிடக்கும், பார் மூக்கு எதில் படும் என்று சொல்லவே முடியாது. இதை வைத்துக்கொண்டு என் மச்சினன் நாள் கணக்கில் அறுத்திருக்கிறான். அவனுக்குப் பிறந்த குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. 46,500 வாங்கிக்கொண்டு எங்களுக்கு விற்றது இதைத்தான்.

எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு சொல்கிறேன்.

பணத்தை எடுப்பதற்கு முன் கேஸில் அடித்திருக்கிற சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலர் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் வேண்டாம். பில்லில் கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர், ஜிஎஸ்டி எண் நாலும் இருக்க வேண்டும். "சாயந்தரம் வரும்" என்றால் பணத்தையும் சாயந்தரமே கொடுங்கள்.

அறுத்துக் காட்டுவதற்குக் கடைக்காரன் வைத்திருக்கிற கட்டையை நம்பாதீர்கள். காய்ந்த கருவைக் கட்டை ஒன்றை வண்டியில் எடுத்துப் போங்கள். மிஷின் ஓடும்போது பார் நுனியை வெளுத்த அட்டைக்கு நேரே பிடித்தால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும், விழாவிட்டால் செயினுக்கு எண்ணெய் போகவில்லை. செயின் நன்றாக இருந்தால் செதில் செதிலாகத் தள்ளும், மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. வாங்கிய பிறகும் இதையே பார்த்துக்கொள்ளுங்கள். கலந்த பெட்ரோலை டேங்கில் வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது, ஈரத்தை இழுத்துக் கார்புரேட்டரைக் கெடுக்கும்.

பிரேக்கைத் தினமும் சோதியுங்கள். இஞ்சின் அணைந்திருக்கும்போது தடுப்பை முன்னால் தள்ளிவிட்டு, கையுறை போட்டுச் செயினை இழுத்தால் நகரக் கூடாது. ரெண்டு கையாலும் மிஷினைப் பிடித்து, ஒரு நொடி ரேஸ் கொடுத்து இடது மணிக்கட்டால் தடுப்பைத் தள்ளினால் உடனே நிற்க வேண்டும். நிற்காத மிஷினை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. மெக்கானிக் எழுத்தில் தருவதாகச் சொல்லியிருக்கிறார், 46,500 ஜிபே செய்த ஸ்கிரீன்ஷாட்டும் இருக்கிறது. மதுரையில் இதே மாதிரிக் கருவிக் கடையில் இந்த மிஷினை வாங்கிச் சிக்கியவர்கள் இருந்தால் மிஷினைக் கடையில் திரும்ப ஒப்படைத்துவிடாதீர்கள். உரிகிற ஸ்டிக்கரையும் கைச்சீட்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள், மனுவைச் சேர்ந்தே கொடுப்போம்.