இலவச அமரர் ஊர்தி 155377: சவக்கிடங்கு வாசலிலிருந்து எங்கள் ஊர் வரை

கடந்த ஐப்பசியில் என் சித்தப்பா நம்பியூர்ப் பக்கம் மொபெட்டில் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது லாரி மோதித் தலையில் அடிபட்டு, மூன்றாம் நாள் அரசு மருத்துவமனை ஒன்றில் இறந்துபோனார். அவரை ஊர் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் யாருக்கு எதற்காகப் பணம் கொடுத்தோம், எதற்குக் கொடுத்திருக்கவே வேண்டியதில்லை என்பதை, நாளை அதே வாசலில் நிற்க நேர்பவர்களுக்காக எழுதுகிறேன். இது அரசின் இலவச அமரர் ஊர்தியைப் பற்றிய மதிப்புரைதான் என்றாலும், அந்த வண்டி வந்து நிற்கும் இடம் சவக்கிடங்கு என்பதால் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் வேலையில் இருக்கும் சித்தப்பா மகன், "எவ்வளவு செலவானாலும் சரிங்கண்ணா, தனியாருகிட்டயே போஸ்ட்மார்ட்டம் பண்ணிரலாங்களா?" என்று போனில் அழுதுகொண்டே கேட்டான். அவன் இருக்கும் நாட்டில் அது நடக்கிற காரியம்; அரசுத் தரப்பு பரிசோதனை தேவையில்லை என்று விட்டுவிட்டால், குடும்பம் 3,000 முதல் 5,000 டாலர் வரை தன் கையிலிருந்து கொடுத்துத் தனியார் மருத்துவரை அமர்த்திக்கொள்ளலாம், அந்நாட்டு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் அதற்குப் பணம் தராது. நம் ஊரில் விபத்துச் சாவு என்றால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆம் பிரிவின்படியும் 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவின்படியும், காவல்துறை விசாரணை செய்து, அரசு நியமித்த மருத்துவரிடமே சடலத்தை அனுப்ப வேண்டும். அதற்குக் குடும்பம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை. இதை அவனுக்கு விளக்கிச் சொன்ன நானே அடுத்த நாள் காலையில் பணம் கொடுத்தேன் என்பதுதான் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.

காவலர் கடிதத்தோடு வந்து, பஞ்சாயத்தார் கையெழுத்தெல்லாம் முடிந்த பிறகு, உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் எங்களைத் தனியாக அழைத்து, துணி, நூல், குளிப்பாட்டுவது என்று கணக்குச் சொல்லி 2,000 ரூபாய் கேட்டார். பெரிய மாமா பேரம் பேசினார். செத்தவருக்காகப் பேரம் பேசுவதைக் காதால் கேட்கச் சகிக்காமல், நான் 1,500 ரூபாயை எடுத்து நீட்டிவிட்டேன். அப்படி நீட்டியது தவறு. அங்கே இருக்கும் மருத்துவ அதிகாரியிடமோ எங்களோடு வந்த காவலரிடமோ நேராகச் சொல்லியிருக்க வேண்டும். பங்காளிகள் எழவுச் செலவு எழுதும் நோட்டில் அந்தப் பணத்துக்கு என்ன பெயர் போடுவது என்று தெரியாமல், "ஆஸ்பத்திரி" என்று மட்டும் எழுதி வைத்தார்கள்.

வெளியே நின்ற தனியார் வேன்காரர் ஊருக்கு 6,500 ரூபாய் என்றார். மருத்துவமனைச் சுவரில் எழுதியிருந்த 155377 என்ற எண்ணைத் தங்கைதான் பார்த்தாள். அழைத்தபோது இறந்தவர் பெயர், மருத்துவமனை, போக வேண்டிய ஊர் ஆகியவற்றை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். வண்டி வருவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இதை நான் மறைக்கப்போவதில்லை, ஏனென்றால் ஊரில் சனம் கூடி உட்கார்ந்திருக்கும்போது அந்த இரண்டு மணி நேரம் மிக நீண்டது, வேன்காரர்களுக்குப் பிழைப்பு நடப்பதும் அந்தக் காத்திருப்பால்தான்.

வந்த ஓட்டுநர் ஒரு நடுவயதுக்காரர். சித்தப்பாவை வண்டியின் தட்டில் வைத்தவுடன் பட்டையை மார்புக்கும் முழங்காலுக்கும் மேலாக இழுத்துக் கட்டிவிட்டு, தலைப்பக்கம் ஆடாமல் இருக்க ஒரு பழைய போர்வையைச் சுருட்டி இருபுறமும் அணைத்து வைத்தார். தலையில் தையல் போட்டிருந்த அந்த மனிதருக்கு அது எவ்வளவு தேவை என்பதை நாங்கள் யாரும் சொல்லாமலே அவர் அறிந்திருந்தார். வழியில் வேகத்தடை வந்த இடமெல்லாம் வண்டியை ஏறக்குறைய நிறுத்தி ஏற்றினார். வாசலில் இறக்கிய பிறகு மாமா 500 ரூபாயை நீட்டியபோது, "வேண்டாமுங்க, கெவருமெண்டு சம்பளம் குடுக்குதுங்க" என்று சொல்லி, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். காத்திருந்த நேரத்தைத் தவிர இந்தச் சேவையில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை.

இழப்பீட்டு வழக்குப் போட்டால் ஈமச்செலவு திரும்பக் கிடைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் அதற்கென்று நிர்ணயித்த தொகை 15,000 ரூபாய். மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு கூடும். விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் தருவது அந்த அளவில்தான். வாசலில் கொடுத்த பணத்துக்கு ரசீதும் கிடையாது, அதைக் கேட்டு வாங்க வழியும் கிடையாது. பிரேதப் பரிசோதனைச் சான்றிதழை மட்டும் கூடுதலாக இரண்டு படிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பாயத்துக்கும் வேண்டும், விபத்துக் காப்பீடு இருந்தால் அங்கேயும் கேட்பார்கள்.

மருத்துவமனை நிர்வாகத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 155377 என்று எழுதியிருக்கும் அதே சுவரில், அதே அளவு எழுத்தில், பிரேதப் பரிசோதனைக்கும் துணிக்கும் யாரும் பணம் தர வேண்டாம் என்பதையும் எழுதி வையுங்கள்.