மோக்ஸா என்போர்ட் 5110: எடைமேடையின் எடையை அலுவலகக் கணினிக்குக் கொண்டு வரும் சிறு பெட்டி

அரிசி ஆலைகளிலும் கல்குவாரிகளிலும் எடைமேடை ஒரு மூலையில் இருக்கும். ரசீது அடிக்கும் கணினியோ அலுவலகத்தில் இருக்கும். எடையைக் காட்டும் இண்டிகேட்டரின் பின்புறத்தில் இன்றும் பெரும்பாலும் ஆர்எஸ்-232 சீரியல் போர்ட்தான் (தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் பழைய வகை இணைப்பு) இருக்கிறது. அந்தக் கம்பியைப் பொதுவாக 15 மீட்டருக்கு மேல் நம்பி இழுக்க முடியாது என்பதால், 100 மீட்டர் வரை செல்லக்கூடிய ஈதர்நெட் கம்பியில் அதே தரவை அனுப்பும் கருவி தேவைப்படுகிறது. தைவானைச் சேர்ந்த மோக்ஸா நிறுவனத்தின் என்போர்ட் 5110 இந்த வேலைக்கென்றே வந்த பெட்டி. வன்பொருளாக அதைக் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் தயாரிப்பாளரிடமிருந்து வரும்போது அதில் பதிந்திருக்கும் அமைப்புகள் எடைமேடைக்குச் சற்றும் பொருந்தாதவை. அவற்றை மாற்ற வேண்டும் என்பதை அதன் அமைப்புப் பக்கம் எங்கும் எடுத்துச் சொல்வதுமில்லை.

உள்ளங்கையில் அடங்கும் உலோகப் பெட்டி அது. 12 முதல் 48 வோல்ட் வரையிலான நேர்மின்சாரத்தில் இயங்குவதால், பேனலில் ஏற்கெனவே 24 வோல்ட் இருந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். வாங்குமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 5110 ஆர்எஸ்-232 மட்டுமே பேசும்; இண்டிகேட்டர் ஆர்எஸ்-485 என்றால் 5130 அல்லது ஆர்எஸ்-232, 422, 485 மூன்றையும் ஏற்கும் 5150 வேண்டும். இதிலுள்ள ஒன்பது பின் இணைப்பி கணினியின் சீரியல் (காம்) போர்ட்டைப் போலவே அமைந்திருப்பதால், முன்பு கணினியில் செருகியிருந்த கம்பியையே கழற்றி இதில் செருகிவிடலாம். புதிதாகக் கம்பி கட்ட வேண்டியதில்லை.

பெட்டியின் தொடக்க ஐபி முகவரி 192.168.127.254. நம் அலுவலகங்களில் பெரும்பாலும் 192.168.1 என்ற வரிசையே புழக்கத்தில் இருப்பதால், உலாவியில் அந்த முகவரியை அடித்தவுடன் பக்கம் திறக்காது. உடன் கிடைக்கும் என்போர்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் மென்பொருள் அதே ஸ்விட்சில் இணைந்துள்ள கருவியைத் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறது என்பதால் இது பெரிய தொல்லையன்று. உலாவி வழியாக அமைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: ஒவ்வொரு பக்கத்திலும் சமர்ப்பித்த மாற்றங்கள், சேமித்து மறுதொடக்கம் செய்த பிறகே நடைமுறைக்கு வரும்.

முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த இயக்க முறை என்பது. ரியல் காம் முறையில், விண்டோஸ் கணினியில் நிறுவும் டிரைவர் ஒரு மெய்நிகர் காம் போர்ட்டை உருவாக்குகிறது; பல ஆண்டுகளுக்கு முன் விஷுவல் பேசிக்கில் எழுதப்பட்ட ரசீது மென்பொருள், தரவு வலைப்பின்னல் வழியாக வருகிறது என்று அறியாமலேயே காம் 3-ஐத் திறந்து படிக்கும். இதற்கு 950, 966 ஆகிய இரண்டு டிசிபி (வலைப்பின்னலில் தரவைக் கொண்டு செல்லும் நெறிமுறை) போர்ட் எண்களை ஃபயர்வால் அனுமதிக்க வேண்டும். டிசிபி சர்வர் முறையில் டிரைவர் எதுவும் வேண்டாம். மென்பொருளே 4001 என்ற போர்ட்டில் இணைந்து எடையைப் பெற்றுக்கொள்கிறது. பழைய மென்பொருளுக்கு முன்னதும், புதிதாக எழுதுவதற்குப் பின்னதும் ஏற்றவை என்பது என் கருத்து.

இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றைத் தெரிந்துகொள்ளாவிட்டால் குழப்பம் நிச்சயம். ரியல் காம் முறையில் பாட் ரேட் (தரவு செல்லும் வேகம்), பாரிட்டி (பிழையைக் கண்டறியும் கூடுதல் பிட்) ஆகியவற்றை மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது தானே தீர்மானிக்கிறது. டிசிபி சர்வர் முறையிலோ பெட்டிக்குள் பதிந்திருப்பதுதான் செல்லும். அங்கே தொடக்கத்தில் பதிந்திருப்பது 115200 பாட், ஆர்டிஎஸ்-சிடிஎஸ் ஃப்ளோ கண்ட்ரோல் (மறுமுனை சிடிஎஸ் கம்பியில் அனுமதி தந்தால் மட்டுமே தரவை அனுப்பும் ஏற்பாடு). 9600 அல்லது 2400 பாட்டில் பேசும் இண்டிகேட்டரிலிருந்து இதன்படி வருவது வெறும் குப்பை எழுத்துகளே. பாட் ரேட்டைச் சரிசெய்த பிறகும், கேட்டால் மட்டும் எடையைச் சொல்லும் வகை இண்டிகேட்டர் மௌனமாக இருக்கலாம். 2, 3, 5 என்ற மூன்று பின்களை மட்டும் இணைத்த கம்பியில் சிடிஎஸ் சமிக்ஞை வராததால், கேள்வியே பெட்டியை விட்டு வெளியேறியிருக்காது. ஃப்ளோ கண்ட்ரோலை முற்றிலும் நீக்குவதே இதற்கு வழி.

எடைமேடைக்காரர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது, தரவைப் பொட்டலமாகக் கட்டும் அமைப்பு. 9600 பாட்டில் ஒரு எழுத்துக்குப் பத்து பிட் எனக் கொண்டால் நொடிக்கு 960 எழுத்துகள் வரும். 18 எழுத்துகள் கொண்ட ஓர் எடை வரி முழுமையாக வந்து சேர ஏறத்தாழ 19 மில்லிவிநாடி ஆகும். தொடக்க அமைப்பில் பெட்டி அதுவரை காத்திருப்பதில்லை; கையில் உள்ளதை உடனே அனுப்பிவிடுவதால், 24560 கிலோ என்ற வரி 24 என்று ஒரு பொட்டலத்திலும் 560 என்று அடுத்ததிலும் போகக்கூடும். ஒரு பொட்டலம் ஓர் எடை என்று எண்ணி எழுதப்பட்ட மென்பொருள், லாரியின் எடையை 560 கிலோ என்று ரசீதில் அடித்துவிடும். வரியின் முடிவில் வரும் கேரியேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீடு ஆகிய இரண்டு குறிகளையும் டிலிமிட்டராக (பொட்டலத்தின் முடிவைக் காட்டும் குறியாக) கொடுத்துவிட்டால், பெட்டி வரி முடியும் வரை காத்திருந்து அனுப்பும். அப்படியும் முழுப் பொறுப்பைப் பெட்டியின் மேல் போடுவது சரியன்று; டிசிபி என்பது பைட்டுகளின் தொடரோட்டமே தவிர வரிகளின் எல்லையைக் காப்பதன்று என்பதால், பெறும் மென்பொருளும் வரிமுடிவு வரும் வரை சேர்த்துவைத்துப் படிக்க வேண்டும். மாட்பஸ் ஆர்டியு (தொழிற்சாலைக் கருவிகள் சீரியல் கம்பியில் பேசும் ஒரு நெறிமுறை) மீட்டர்களுக்கு இந்த டிலிமிட்டர் முறை ஆகாது, ஏனெனில் டிலிமிட்டராகக் கொடுத்த குறிகளின் எண்கள் அளவீட்டுத் தரவுக்குள்ளேயே வரலாம். மேலும், இந்தப் பெட்டி மாட்பஸ் ஆர்டியுவை அதன் ஈதர்நெட் வடிவமான மாட்பஸ் டிசிபியாக மாற்றித் தராது, உள்ளபடியே சுமந்து செல்லும், அவ்வளவுதான்.

மின்தடை அடிக்கடி வரும் இடங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. கணினி திடீரென்று அணைந்தால் பழைய இணைப்பு இறந்துவிட்டது என்று பெட்டிக்குத் தெரியாது. இணைப்பு உயிருடன் உள்ளதா என்று சோதிக்கும் கால அளவு தொடக்கத்தில் 7 நிமிடம். ஒரே நேரத்தில் அனுமதிக்கும் இணைப்பு ஒன்று. ஆகவே மீண்டும் எழுந்த கணினியைப் பெட்டி சில நிமிடங்கள் உள்ளே விடாமல் இருக்க நேரும். வாசலில் லாரிகள் வரிசைகட்டும். அந்தக் காலத்தை ஒரு நிமிடமாகக் குறைப்பதே நல்லது.

பழுது தேடுவதற்கு இதன் சிறு விளக்குகள் பெரிதும் உதவுகின்றன. இண்டிகேட்டரிலிருந்து தரவு வரும்போது ஒரு நிறமும், அதற்கு அனுப்பும்போது வேறு நிறமும் காட்டுவதால், குறை கம்பியிலா வலைப்பின்னலிலா என்பதை மடிக்கணினி இல்லாமலே அறியலாம்.

பாதுகாப்புதான் இதன் பலவீனம். தரவு மறையாக்கம் செய்யப்படாமலே செல்கிறது. இத்தகைய கருவிகளை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று எண்ணுவதற்கில்லை: 2015 டிசம்பரில் உக்ரைன் மின்விநியோக நிறுவனங்களைத் தாக்கியவர்கள், துணைமின் நிலையங்களில் இருந்த சீரியல்-ஈதர்நெட் மாற்றிகளின் ஃபர்ம்வேரையே (கருவியை இயக்கும் உள்மென்பொருளையே) சிதைத்து, தொலைவிலிருந்து மீட்கும் வழியை அடைத்தார்கள். ஆகவே கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, ரசீதுக் கணினியின் ஐபி முகவரியை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். ரவுட்டரில் போர்ட் திறந்து இணையத்தில் இதை ஒருபோதும் வைக்கக் கூடாது. வெளி வலைப்பின்னலைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், மறையாக்கம் உள்ள என்போர்ட் 6150 வாங்குவதே முறை.

லினக்ஸ் பழகியவர்கள், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், சீரியல் தரவை வலைப்பின்னலில் அனுப்பும் செர்2நெட் மென்பொருளை நிறுவினால் இதே வேலை நடக்குமே என்பார்கள். நடக்கும், அதன் அமைப்புக் கோப்பு இந்தப் பக்கங்களைவிடத் தெளிவானதும்கூட. எனினும் மின்சாரம் சட்டென்று போகும் இடத்தில் மெமரி கார்டு கெடும் அபாயத்தைக் கருதினால், கவனிக்க ஆள் இல்லாத எடைமேடை அறைக்கு என்போர்ட்டையே பரிந்துரைப்பேன். எல்லாம் சரியாக அமைந்தபின் அட்மினிஸ்ட்ரேட்டர் மென்பொருளிலிருந்து அமைப்புக் கோப்பை ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டால், இடி விழுந்து பெட்டி போனாலும் அதே வகைப் புதுப்பெட்டியில் அந்தக் கோப்பை ஏற்றி வேலையைத் தொடரலாம்.